4.80 மீட்டரை இருவரும் தாண்டினார்கள். தங்கம் ஏன் ஒருவருக்கு மட்டும்?

குறுக்குக்கம்பி எழுதியது:

2024 மார்ச் 2ஆம் தேதி கிளாஸ்கோவில் நடந்த உலக உள்ளரங்குத் தடகளப் போட்டியில், பெண்கள் கோலூன்றித் தாண்டுதலின் கடைசிப் பகுதியை நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். அன்று இருந்த மனக்குறை இன்னும் தீரவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நடந்தது இதுதான். பிரிட்டனின் மோலி காடரியும் நியூசிலாந்தின் எலைசா மெக்கார்ட்னியும் 4.80 மீட்டரைத் தாண்டினார்கள். அடுத்து வைக்கப்பட்ட 4.85 இருவருக்கும் வசப்படவில்லை. 4.75 தாண்டிய அமெரிக்காவின் கேட்டி மூன் மூன்றாம் இடத்தில் நின்றார். முதல் இருவருக்கும் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. ஆனாலும் அதற்கு முன் யார் எத்தனை முறை கம்பியைத் தட்டிவிட்டார் என்று எண்ணிப் பார்த்து, காடரிக்குத் தங்கம், மெக்கார்ட்னிக்கு வெள்ளி என்று முடித்துவிட்டார்கள்.

என் கேள்வி எளிமையானது. இது உயரத்தை அளக்கும் போட்டி. மூன்றாவது முயற்சியில் தாண்டினாலும் தாண்டியது தாண்டியதுதான் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. பிறகு அதே விதி, முன்பு மன்னித்த தவறுகளைக் கடைசியில் வட்டியோடு வசூலிப்பது எந்த வகையில் நியாயம்? இருவரையும் மீண்டும் ஓடவிட்டு, ஆளுக்கு ஒரு தாண்டல் கொடுத்து, அதில் வெல்பவருக்குத் தங்கம் என்று முடித்திருந்தால் அரங்கில் இருந்தவர்களுக்கும் புரிந்திருக்கும், வீட்டில் பார்த்த எனக்கும் புரிந்திருக்கும். ஓர் உலகப் பட்டத்தை நடுவரின் தாளில் தவறல்களைக் குறிக்கும் பெருக்கல் குறிகள் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கருத்து.

முன்னாள் நடுவர் எழுதியது:

நண்பரே, தங்கள் மனக்குறை புரிகிறது. ஆனால் விதியைச் சற்றுத் தவறாகச் சொல்லிவிட்டீர்கள். அதைச் சரியாக வைத்துக்கொண்டு வாதிடுவதே இருவருக்கும் நல்லது.

இருவர் ஒரே உயரத்தில் நின்றால், அந்தக் கடைசி உயரத்தை யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்பதே முதலில் பார்க்கப்படும். அதிலும் சமம் என்றால்தான், போட்டியின் தொடக்கத்திலிருந்து அந்த உயரம் வரைக்குமான மொத்தத் தவறல்கள் எண்ணப்படும். அதற்கு மேலே போய்த் தவறியவை, அதாவது கிளாஸ்கோவில் 4.85இல் இருவரும் தவறியவை, கணக்கில் சேரா. இவ்வளவும் பார்த்த பிறகும் சமமாக இருந்து, அந்தச் சமநிலை முதலிடத்துக்கானதாக இருந்தால் மட்டுமே தாங்கள் கேட்கும் கூடுதல் தாண்டல் வரும். மற்ற இடங்கள் என்றால் சமநிலை அப்படியே விடப்படும். 2014இல் சோபோட் நகரில் நடந்த இதே உள்ளரங்குப் போட்டியில் பதக்கம் பெற்ற மூவரும் 4.70தான் தாண்டியிருந்தார்கள். கியூபாவின் யாரிஸ்லி சில்வாவுக்குத் தங்கம் கிடைத்தது. ரஷ்யாவின் அஞ்செலிகா சிடரோவாவும் செக் நாட்டின் யிரீனா ஸ்வோபதோவாவும் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். வெண்கலம் யாருக்கும் இல்லை.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். தவறலை விதி மன்னித்ததாகத் தாங்கள் சொல்கிறீர்கள். மன்னிக்கவில்லை, போட்டியில் தொடர அனுமதித்தது, அவ்வளவுதான். தவறியது அப்போதே தாளில் ஏறிவிடுகிறது, அது அங்கே இருக்கிறது என்று தாண்டுபவருக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். தெரிந்தேதான் அடுத்த உயரத்தில் தாண்டுவதா, அதை விட்டுவிட்டு மேலே போக பாஸ் சொல்லிவிடுவதா என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்தத் தாளில் தாண்டியதற்கு வட்டம், தவறியதற்குப் பெருக்கல் குறி, பாஸுக்குச் சிறு கோடு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் போட்டி. தாங்கள் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறீர்கள்.

எண்கணக்கன் எழுதியது:

ஒரு சிறு தகவல் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மெக்கார்ட்னிக்கு அநீதி நடந்துவிட்டது என்று கலங்குபவர்கள் 2016 ரியோ ஒலிம்பிக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே மெக்கார்ட்னியும் ஆஸ்திரேலியாவின் அலானா பாய்டும் 4.80 தாண்டினார்கள். இதே தவறல் கணக்கில்தான் அப்போது 19 வயதான மெக்கார்ட்னிக்கு வெண்கலம் கிடைத்தது. பாய்ட் நான்காம் இடத்தோடு வீடு திரும்பினார். அதே உயரம், அதே விதி, எட்டு ஆண்டு இடைவெளி.

அமெரிக்காவின் ஜென் சூர் கதையும் இப்படித்தான். 2008இல் வலென்சியாவில் நடந்த உலக உள்ளரங்குப் போட்டியில் அவரும் ரஷ்யாவின் எலேனா இசின்பயேவாவும் 4.75 தாண்ட, தவறல் கணக்கில் தங்கம் இசின்பயேவாவுக்குப் போனது. நான்கு ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் சூரும் சில்வாவும் அதே 4.75 தாண்ட, தவறல் கணக்கு இம்முறை சூர் கழுத்தில் தங்கத்தை மாட்டியது.

குறுக்குக்கம்பி எழுதியது:

எண்கணக்கன் அவர்களே, ஒரு விதி ஒருவரிடம் பறித்ததை வேறொரு நாளில் அவருக்கே திருப்பிக் கொடுத்தது என்பதால் அது நல்ல விதி ஆகிவிடாது. சீட்டுக் குலுக்கலும் அப்படித்தான் கொடுக்கும், பறிக்கும். அலானா பாய்டுக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

நடுவர் ஐயாவுக்கு ஒன்று கேட்கிறேன். பாஸ் சொல்வதும் ஆட்டத்தின் பகுதி என்கிறீர்கள். அப்படியென்றால் 4.50இல் தொடங்கி ஒவ்வொரு உயரத்தையும் தாண்டிக்கொண்டு வருபவர் ஐந்து இடங்களில் தவற வாய்ப்பிருக்கிறது. 4.65 வரை சூட்டு உடையைக் கழற்றாமல் பெஞ்சில் அமர்ந்திருப்பவர் இரண்டு மூன்று இடங்களில்தான் தவற முடியும். குறைவாகத் தாண்டியவர் குறைவாகத் தவறினார் என்பதற்காக அவருக்குத் தங்கமா? அதிகம் உழைத்தவருக்குத் தண்டனையா? இதற்கு விடை சொல்லுங்கள்.

கோல்தூக்கி எழுதியது:

இந்த இழையில் நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பெஞ்சில் அமர்ந்திருப்பதை ஏதோ ஓய்வு போல எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை. கல்லூரியில் நான்கு ஆண்டு கோலூன்றித் தாண்டியவள் நான். உலகத் தரத்தின் அருகில்கூட வந்தவள் இல்லை. ஆனாலும் காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

பாஸ் சொன்னவர் சும்மா அமர்ந்திருப்பதில்லை. முக்கால் மணி நேரத்தில் உடம்பு ஆறிவிடும். கோலில் சுற்றிய பிளாஸ்திரி மேல் பூசிய பசை, கையில் சூடு இருக்கும் வரைதான் நன்றாக ஒட்டும். காத்திருந்து எழுந்தால் உள்ளங்கை காய்ந்து, பிடி வேறு மாதிரி இருக்கும். சிறு உயரங்களில் தாண்டிவந்தவருக்கு ஓட்டத்தின் அடிக்கணக்கு அதற்குள் பிடிபட்டிருக்கும், எந்தக் கோல் அன்று சரியாக வளைகிறது என்று தெரிந்திருக்கும், நடுவரிடம் கம்பியைத் தாங்கும் ஸ்டாண்டை எத்தனை சென்டிமீட்டர் பின்னால் தள்ளச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். காத்திருந்தவருக்கு இவை ஒன்றும் தெரியாது. அவருடைய முதல் தாண்டலே பெரிய உயரத்தில், குளிர்ந்த உடம்போடு, மாற்றிப் பார்க்க நேரமில்லாத கோலோடு நடக்கிறது. மூன்றும் தவறினால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே உயரமே இருக்காது.

இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. கிளாஸ்கோவில் தங்கம் வென்ற அதே காடரி, ஐந்து மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் கீழ் உயரங்களை விட்டுவிட்டு 4.55இல் தொடங்கினார். மூன்று முயற்சியும் தவறி, உயரம் எதுவும் பதிவாகாமல் வெளியேறினார். 2009இல் பெர்லினில் இசின்பயேவாவுக்கும் இதுவே நடந்தது. 4.75இல் முதல் தாண்டல் தவறியதும் மீதி இரண்டையும் 4.80க்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே இரண்டையும் தவறவிட்டார். அதே மாதத்தின் இறுதியில் சூரிக்கில் 5.06 தாண்டி இன்றுவரை நிற்கும் உலகச் சாதனையைப் படைத்தவர் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள். காத்திருப்பவர் தன் சொத்து முழுவதையும் பந்தயத்தில் வைக்கிறார். அந்தப் பந்தயத்தில் வென்றால், குறைந்த தவறல் என்பது அவர் ஈட்டியதுதான்.

ஆனால் நடுவர் ஐயாவுடன் நான் முழுவதும் ஒத்துப்போகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தவறல்கள் எல்லாம் ஒரே தரத்தவை என்பதுபோல் எண்ணுவது எனக்கு உடன்பாடு இல்லை. முட்டி உரசி விழும் கம்பிக்கும், ஓடிவந்து கோலை ஊன்றாமலே நேராக மெத்தையில் போய் விழுவதற்கும் ஒரே பெருக்கல் குறிதான்.

முன்னாள் நடுவர் எழுதியது:

தங்கையின் பதிவுக்குப் பிறகு, காத்திருப்பைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. கடைசியில் அவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன்.

தவறல்கள் ஒரே தரத்தவை அல்ல என்பது உண்மை. ஆனால் அந்தக் குறை தாண்டல்களுக்கும் உண்டே. 4.80க்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுப் பறந்தவருக்கும், வயிறு உரசிக் கம்பி துள்ளி, ஆடி, மனம் மாறி நின்றுவிட்டதால் பிழைத்தவருக்கும் ஒரே வட்டம்தான். கம்பி ஆடலாம், விழக் கூடாது. விதி அவ்வளவுதான் கேட்கிறது. ஆகவே, உயரம் என்று நாம் சொல்வது உடல் உண்மையில் எழுந்த உயரம் அன்று. அது 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டிய ஏணி. இருவர் ஒரே படியில் நிற்கிறார்கள் என்பதால் இருவரும் சமம் என்று பொருள் இல்லை. நம்மிடம் இருக்கும் ஏணி அதற்கு மேல் நுணுக்கமாகக் காட்டாது என்றுதான் பொருள். அந்த ஏணி காட்டாத வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் தவறல் கணக்கு காட்டுகிறது.

இன்னொன்று. வெளியரங்கில் ஒருவர் ஓடும்போது காற்று முகத்தில் அடிக்கும், அடுத்தவர் ஓடும்போது முதுகைத் தள்ளும். அங்கே ஒரு தவறலைக் காற்றின் மேல் ஏற்றிச் சொல்ல இடமுண்டு. தவறல் கணக்கை எதிர்ப்பவர்கள் அதைச் சொன்னால் நான் தலையாட்டுவேன். கூரைக்குக் கீழே அந்தச் சாக்கு இல்லை. காற்று இல்லை, மழை இல்லை, கண்ணில் விழும் மாலை வெயில் இல்லை. உலக உள்ளரங்குப் போட்டியில் தகுதிச் சுற்றும் இல்லாமல் எல்லோரும் நேரே இறுதிக்கு வருவதால், முந்தின நாளின் களைப்பும் இல்லை. எல்லோருக்கும் ஒரே காற்று, ஒரே பலகை ஓடுபாதை. இந்தக் கணக்கு எங்காவது முழு நியாயத்தோடு செல்லுபடியாகும் என்றால், அது உள்ளரங்கில்தான்.

குறுக்குக்கம்பி எழுதியது:

உள்ளரங்கு பற்றிச் சொன்னது கவனிக்க வேண்டிய வாதம்தான். அதை இதற்கு முன் நான் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே காற்று என்று சொல்லும்போது கைதட்டலை மறந்துவிட்டீர்கள். கிளாஸ்கோவில் அரங்கம் முழுக்க யாருக்காகத் தாளம் போட்டது? காடரிக்காக. உள்ளரங்கில் அந்த ஓசை வெளியே போகாது, கூரையில் மோதி ஓடுபாதையிலேயே விழும். அதோடு, கோலூன்றுபவர் ஓடப் போகும் நேரத்தில் பக்கத்திலேயே 60 மீட்டர் ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடிக்கும். அதற்காக அரங்கை அமைதிப்படுத்துவார்கள், அது முடியும் வரை இவர் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளரங்கில் எல்லாமே நெருக்கம். வெளியே காற்று செய்வதை உள்ளே கூட்டமும் நேரப் பட்டியலும் செய்கின்றன.

கோல்தூக்கி எழுதியது:

கைதட்டலைப் பற்றி மட்டும்: தாளம் எல்லோருக்கும் உதவும் என்பது பார்ப்பவர்களின் நம்பிக்கை. என் ஓட்டத்துக்குப் பதினான்கு காலடி. கூட்டத்தின் தாளம் அதைவிட வேகமாக ஓடினால் கடைசி நான்கு காலடியும் குலைந்து, ஊன்றும் இடத்தில் கால் முன்னால் போய்விடும். தன் ஊர்க் கூட்டம் கைதட்டுவது எப்போதும் வரம் இல்லை.

மாடத்துப் பார்வையாளர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் மறந்த ஒன்றை நான் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் கேட்டி மூனும் ஆஸ்திரேலியாவின் நீனா கென்னடியும் 4.90 தாண்டி, 4.95இல் இருவரும் மூன்று முறையும் தவறி, தவறல் கணக்கிலும் இம்மி பிசகாமல் சமமாக நின்றார்கள். கூடுதல் தாண்டலுக்குப் போகலாம், அல்லது இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். இருவரும் பேசித் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அதுவே அழகு என்று ஒரு கூட்டம் எழுதியது. எனக்கு அது அழகாகத் தெரியவில்லை. கட்டணம் கட்டி உள்ளே வந்தவன் உலகத்தில் யார் முதல்வர் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறான். தவறல் கணக்கோ கூடுதல் தாண்டலோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும். பகிர்வை மட்டும் ஒழிக்க வேண்டும்.

கோல்தூக்கி எழுதியது:

மாடத்துப் பார்வையாளர் அவர்களே, மாடத்திலிருந்து மெத்தை மிக மென்மையாகத் தெரியும்.

கோலூன்றித் தாண்டுதலில் களைப்பு என்பது உயரம் குறைவதோடு நின்றுவிடாது. உயரம் தாண்டுபவர் களைத்தால் கம்பியைத் தட்டிவிட்டு மெத்தையில் விழுவார். கோலூன்றுபவர் களைத்துப் போய், ஓட்டத்தில் வேகம் குறைந்து, அன்று மாலை முழுதும் பயன்படுத்திய கடினமான கோலையே கையில் வைத்திருந்தால், கோல் முழுதாக வளையாது. வளையாத கோல் ஆளை மெத்தைப் பக்கம் கொண்டுபோகாமல் பாதி வழியில் நிறுத்தி, கோலை ஊன்றிய குழியான பெட்டிப் பக்கமே திருப்பி அனுப்பும். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது. ஒரு கால் மெத்தை ஓரத்தில், மறு கால் பெட்டியின் விளிம்பில். கணுக்கால் வீங்கியது ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் ஓடிவந்து ஊன்றாமல் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. மூனும் பின்னர் தங்கள் முடிவை விளக்கும்போது களைத்த உடம்போடு தாண்டுவதன் ஆபத்தைத்தான் முன்வைத்தார். அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் கோலைத் தொட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

குறுக்குக்கம்பி அவர்கள் கேட்கும் கூடுதல் தாண்டலிலும் இதே சிக்கல் இருக்கிறது. தவறல் கணக்கை எடுத்துவிட்டு, ஒரே உயரத்தில் நிற்கும் எல்லோரையும் மீண்டும் ஓடச் சொன்னால், ஒவ்வொரு பெரிய போட்டியும் அங்கேதான் போய் முடியும். நான் முன்பே சொன்ன குளிர்ந்த உடம்பு ஒரு பக்கம், களைத்த உடம்பு மறுபக்கம். இரண்டில் களைத்த உடம்பே எனக்கு அதிக அச்சம் தருவது.

எண்கணக்கன் எழுதியது:

எங்கே போய் முடியும் என்பதற்கு எண்ணிக்கை தருகிறேன். உலக உள்ளரங்குப் போட்டியின் பெண்கள் பிரிவில் மட்டும், முதலிடத்துக்கு உயரம் போதாமல் தவறல் கணக்கு தேவைப்பட்டவை: 2008 வலென்சியா, 2010 தோகா, 2014 சோபோட், 2024 கிளாஸ்கோ. தோகாவில் பிரேசிலின் ஃபாபியானா மூரரும் ரஷ்யாவின் ஸ்வெட்லானா ஃபியோஃபனோவாவும் 4.80இல் நின்று, மூரர் வென்றார். ஒலிம்பிக்கில் 2012, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு. ரியோவில் கிரேக்கத்தின் கேத்தரினா ஸ்டெஃபானிடியும் அமெரிக்காவின் சாண்டி மாரிஸும் 4.85. கூடுதல் தாண்டல்தான் தீர்வு என்றால் இவை எல்லாவற்றிலும் அது நடந்திருக்க வேண்டும்.

கூடுதல் தாண்டல் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாகத் தாண்டிய உயரத்துக்கு அடுத்த உயரத்தில் ஆளுக்கு ஒரு தாண்டல். கோலூன்றித் தாண்டுதலில் இருவரும் தவறினால் கம்பி 5 சென்டிமீட்டர் இறங்கும். இருவரும் தாண்டினால் 5 ஏறும். ஒருவர் தாண்டி மற்றவர் தவறும் வரை இப்படியே போகும். பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் உயரம் தாண்டுதலில் நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36 தாண்டிச் சமமாக நின்று, பகிர மறுத்து, இப்படித் தாண்டிக்கொண்டே போனார்கள். கெர் தங்கம் வென்ற தாண்டல் 2.34. ஏற்கெனவே இருவரும் தாண்டிய உயரத்தைவிடக் குறைந்த உயரத்தில் ஒலிம்பிக் தங்கம் முடிவானது. உயரத்தை அளக்கும் போட்டி என்று இழையைத் தொடங்கியவர் இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய ஆவல்.

குறுக்குக்கம்பி எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்துவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். குறைந்த உயரத்தில் தங்கம் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கெர் வென்றபோது அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும், யார் வென்றார், ஏன் வென்றார் என்பது அதே நொடியில் தெரிந்தது. கிளாஸ்கோவில் மெக்கார்ட்னியின் கடைசிக் கம்பி விழுந்த நொடியில் என்னைப் போன்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ சமநிலை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது காடரி கொண்டாடத் தொடங்கிவிட்டார்.

அப்படியென்றால் வேறு வழி சொல்கிறேன். ஏணியின் படிகள் அகலமாக இருப்பதே சிக்கல் என்று நடுவர் ஐயாவே சொல்கிறார். 4.80க்குப் பிறகு 4.82, 4.84 என்று ஏற்றினால் என்ன? சமநிலையே அரிதாகிவிடுமே. 5.00, 5.01, 5.02, 5.03 என்று உள்ளரங்கு உலகச் சாதனையே ஒரு சென்டிமீட்டர் வீதம்தானே ஏறியது?

முன்னாள் நடுவர் எழுதியது:

அது தனியாக நின்றவர்கள் ஏற்றிய ஏணி, நண்பரே. ஒருவர் மட்டும் எஞ்சி, வெற்றியும் உறுதியாகிவிட்டால், அவர் விரும்பிய உயரத்தைக் கேட்கலாம். ஒருவருக்கு மேல் களத்தில் இருக்கும் வரை, கோலூன்றித் தாண்டுதலில் கம்பியை 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக ஏற்றக் கூடாது. ஏற்றத்தின் அளவு ஒரு முறை குறைந்தால் மறுபடி கூடவும் கூடாது. எஞ்சியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, நேரே உலகச் சாதனை உயரத்துக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு உண்டு.

இதைக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். 2 சென்டிமீட்டர் வீதம் ஏற்றினால் 4.70இலிருந்து 4.90க்குப் போக நான்கு படிக்குப் பதில் பத்துப் படி. படிக்கு ஒரு தாண்டல் என்றாலும், கடைசியில் வெல்வது உயரம் அன்று, மூச்சு. பத்துப் பன்னிரண்டு பேர் களத்தில் இருக்கும்போது ஆளுக்கு ஒரு நிமிடம், கம்பியைத் திரும்ப வைக்க நேரம், ஸ்டாண்டை நகர்த்த நேரம் என்று கூட்டிப் பாருங்கள். அரங்கில் விளக்கணைக்க ஆள் வந்து நிற்பார்.

தங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. யார் முன்னிலையில் இருக்கிறார் என்று தங்களுக்குத் தெரியவில்லை என்கிறீர்கள். அது உண்மையான குறைதான். ஆனால் அது விதியின் குறையா, அதைக் காட்டாதவர்களின் குறையா?

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு மாவட்டப் போட்டியில் கோலூன்றித் தாண்டுதலுக்கு நான் உதவி நடுவர். தாள் எழுதியவர் புதியவர். ஒரு மாணவி முதல் உயரத்தில் தவறியதை அடுத்த வரிசையில் இருந்த மாணவியின் கட்டத்தில் எழுதிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. இருவரும் கடைசியில் ஒரே உயரத்தில் நின்றார்கள். தாளைப் பார்த்து முடிவு அறிவித்தோம். இரண்டாம் இடம் என்று கேட்ட பெண், "சார், நான் முதல் உயரத்தில் தவறவே இல்லை" என்று சொன்னபோது, அடம்பிடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம். மற்றவளே முன்னால் வந்து, "அந்த முயற்சி என்னுடையது" என்று சொன்ன பிறகுதான் தாளைத் திருத்தினோம். இருவரும் தங்கள் தவறல்களை மட்டும் அல்ல, எதிராளியின் தவறல்களையும் தொடக்கத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணாதவர்கள் நாங்கள்தான்.

மாடத்துப் பார்வையாளர் எழுதியது:

இந்தக் கதையில் நடுவர் ஐயா தன் கட்சிக்கு எதிராகவே சான்று சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு பெருக்கல் குறி இடம் மாறினால் பட்டமே இடம் மாறும் என்றால், அந்த விதி எவ்வளவு நொய்ந்தது?

எண்கணக்கன் எழுதியது:

ஓட்டத்தில் கடிகாரம் பழுதானாலும் பட்டம் இடம் மாறும். உலக உள்ளரங்குப் போட்டியில் தாளோடு கணினியும் எழுதுகிறது. அதோடு ஒவ்வொரு தாண்டலும் ஒளிப்பதிவில் இருக்கிறது.

குறுக்குக்கம்பி எழுதியது:

நடுவர் ஐயாவின் கதையைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். வேறொரு போட்டியை எடுத்துக்கொண்டேன். 2018 மார்ச்சில் பர்மிங்காமில் நடந்த உலக உள்ளரங்குப் போட்டியில் சாண்டி மாரிஸ் 4.95 தாண்டிப் போட்டிச் சாதனை படைத்தது எனக்கு மிகவும் பிடித்த தாண்டல். அதை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார், சிடரோவா 4.90இல் நின்றுவிட்டார். அங்கே தவறல் கணக்குக்கு வேலையே இல்லை. எத்தனை முறை தவறியிருந்தாலும் உயரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இதைத்தான் எனக்குச் சாதகமான சான்றாக இங்கே எழுத நினைத்தேன்.

பிறகு அந்த மூன்றாவது முயற்சியை மட்டும் திரும்பப் பார்த்தேன். அது தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது, 4.90 வரைக்குமான கணக்கு எனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. அந்த ஓட்டத்தைத் தொடங்கும்போது மாரிஸ் பின்தங்கியிருந்தாரா, முன்னிலையில் இருந்தாரா என்பதே தெரியாமல்தான் இத்தனை ஆண்டும் அதை ரசித்திருக்கிறேன். காரணம், இந்தப் போட்டிகளை எல்லாம் நான் கடைசி இருபது நிமிடத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன், கிளாஸ்கோவையும் அப்படித்தான்.

தவறல் கணக்கு வேண்டவே வேண்டாம் என்று தொடங்கினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றில் மாறவில்லை: கடைசியாகத் தாண்டிய உயரத்தின் முயற்சியை எண்ணுவது சரி, அது அந்தப் போரின் பகுதி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன் 4.50இல் உரசிய கம்பியை எண்ணுவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. முதல் படியில் சமம் என்றால், இரண்டாம் படிக்குப் போகாமல் அங்கேயே கூடுதல் தாண்டலைக் கொடுங்கள் என்பேன்.

கோல்தூக்கி எழுதியது:

அப்படி ஒரு விதி வந்தால் நான் 4.50இல் மூன்றாவது முயற்சி வரை தவறிக்கொண்டே பயிற்சி எடுப்பேன், குறுக்குக்கம்பி அவர்களே. பிடி, கோல், ஸ்டாண்டு மூன்றையும் அங்கேயே இலவசமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

முன்னாள் நடுவர் எழுதியது:

தங்கை முந்திக்கொண்டார். நானும் அதையேதான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

குறுக்குக்கம்பி எழுதியது:

மூன்றாவது முயற்சியும் 4.50இல் தவறினால் வீட்டுக்குப் போவீர்கள், சகோதரி. அந்தத் துணிச்சல் உங்களுக்கு இருந்தால் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோ பதிவை இன்று இரவு முதல் உயரத்திலிருந்து பார்க்கப் போகிறேன்; தாளும் பென்சிலும் எடுத்து வைத்தாயிற்று. சிறு கோட்டுக்கும் ஒரு கட்டம் விட வேண்டும் அல்லவா, ஐயா?